ஒரு ஜோடிக்கு ஒரே வகை

அழுதால் வாயில் திறக்காது. இதை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. அழுகிறவர்களிடம் சொல்வேன், கத்துகிறவர்களிடம் சொல்வேன், மந்திரிக்குச் சொந்தம் என்று போனை நீட்டுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்வேன். மதுரையில் உறுப்பு மாற்று அறுவை செய்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் வாயில் அலுவலர். பெயர் நாகலட்சுமி. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது.

வாயில் என்பது கதவு இல்லை, ஒரு மென்பொருள். இப்போதெல்லாம் கத்தி பிடிப்பது இயந்திரக் கைகள்தான். அந்தக் கைகளை எழுப்ப ஒரு கட்டளை வேண்டும். கட்டளைக்குள் யார் யாரைக் கொடுக்கிறோம் என்பதை வாயில் முதலில் பார்த்துவிடும். நோயாளி என்கிற இடத்தில் நோயாளிதான் வரவேண்டும். கொடையாளி என்கிற இடத்தில் நோயாளிக்கு இரத்த உறவு என்ற வகையில் இருக்கும் ஆள்தான் வரவேண்டும். வகை பொருந்தாவிட்டால் கைகள் எழும்பாது. அவ்வளவுதான், இதில் பேச்சுக்கே இடமில்லை.

இதைக் கொடுமை என்கிறவர்கள் பழைய கதையை மறந்துவிட்டார்கள். வாயில் வருவதற்கு முன்னால் புரோக்கர்கள் ஏழைப் பெண்களைக் கூட்டி வருவார்கள். 'இவ அவருக்குச் சித்தப்பா மக' என்பார்கள். டாக்டர் தலையாட்டுவார், கிட்னி போய்விடும். சித்தப்பா மகள் கதை எடுபடாமல் போனபோது கல்யாணமே பண்ணி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கழுத்தில் தாலி, போகும்போது இடுப்பில் தழும்பு. அதனால்தான் கணவன் மனைவி வகையைக் கொடையாளி இடத்திலிருந்து அடியோடு தூக்கினோம். இரத்தம் மட்டும்தான், அதுவும் பரிசோதித்துப் பார்த்த இரத்தம். அந்த வாயிலை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. மனுஷன் கண்ணீருக்கு மசிவான், வாயில் மசியாது. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செல்வபாண்டி என் மேசைக்கு வந்தது ஒரு காலை நேரம். உசிலம்பட்டிப் பக்கம் போர்வெல் லாரி ஓட்டுகிறவர். தோளில் ஒரு பெண் குழந்தை, அப்பாவின் முடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதழினி என்று பெயர், பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி கனிஷ்கா மஞ்சள் காமாலை முற்றி, ஈரல் கெட்டு, மேல் மாடியில் படுத்திருந்தாள்.

"மேடம், என் ஈரல் பொருந்துதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாதியை எடுத்து வச்சா அவ பொழைச்சுக்குவாளாம். கம்ப்யூட்டர்தான் மாட்டேங்குதாம். என்னாண்டு கொஞ்சம் பாருங்க."

"புருஷன் கொடுக்க முடியாதுங்க. சட்டம்."

"அய்ய, அதை டாக்டரும் சொன்னாரு. நான் புருசன் மட்டும் இல்லை மேடம்."

திரையைப் பார்த்தேன். வாயில் அவரைத் தள்ளிவிடவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. நடுவில் நிறுத்தி வைத்திருந்தது. பதிவில் கணவன் என்று இருந்தது. ரத்தப் பரிசோதனையில் தாய்மாமன் என்று வந்திருந்தது.

"அக்கா மகளையா கட்டியிருக்கீங்க?" என்றேன்.

"ஆமா மேடம். எங்க பக்கம் வழக்கந்தான? எங்க அக்காதான் என்னை வளத்துச்சு. மகளை வெளிய குடுக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு."

"கல்யாணம் பதியும்போது ரத்த உறவு இல்லைன்னு விரல் வச்சிருக்கீங்களே?"

"இருக்குன்னு சொன்னா பதிய மாட்டேன்னாய்ங்க. 'இல்லைன்னு வையி, எவன் பார்க்கப் போறான்'னு அந்த ஆபீஸ்ல இருந்தவரே சொல்லித் தந்தாரு. எங்க ஊர்ல அப்படித்தான் எல்லாரும் வச்சிருக்காய்ங்க." குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். "இப்ப என்ன, நான் தாய்மாமன்தான. ரத்தம் இருக்குல்ல. எடுத்துக்கச் சொல்லுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. ஊரே சேர்ந்து பொய் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்து நியாயம் கேட்கிறது.

"இங்க பாருங்க. ரெண்டு ஆளுக்கு நடுவுல ஒரு வகைதான் இருக்கலாம். மாமன்னா மாமன், புருஷன்னா புருஷன். ரெண்டும் ஒரே ஆளா வந்தா வாயில் எதை நம்பும்?"

"ரெண்டையும் நம்பட்டும். ரெண்டும் நெசந்தான?"

"ஒரு இடத்துல ஒண்ணுதாங்க நிக்கும்."

"ஊர்ல நிக்குதே மேடம்?"

"ஊர் கம்ப்யூட்டர் இல்லை."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி, இரண்டையும் சொன்னேன். கணவனாகவே இருந்தால் கனிஷ்காவுக்கு ஈரல் இல்லை. அவளுடைய அம்மா இறந்துவிட்டாள், அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பொதுப் பட்டியலில் காத்திருக்கிற அளவுக்கு அவளிடம் நாளும் கிடையாது. தாய்மாமன் என்று மாற்றினால் கைகள் எழும்பும். ஆனால் கல்யாணம் போய்விடும். விவாகரத்து மாதிரி இல்லை, நடக்கவே நடக்காதது மாதிரி.

"அப்ப இவ?" என்று குழந்தையைக் காட்டினார்.

"பிள்ளை ரத்தத்தால வர்ற வகை. அது மாறாது. உங்க ரெண்டு பேருக்கும் மகளாவே இருப்பா."

"அப்புறம் என்ன? அவ எந்திரிச்சதும் திரும்பப் புருசன்னு மாத்திக்கிறது."

"மாத்த முடியாது. மாமன்னு ஒருதரம் ஏறிட்டா அதோட சரி. ரத்தத்தை அழிக்க முடியாதுல்ல?"

குழந்தை என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தது. "போனாப் போகுது மேடம். கம்ப்யூட்டர்ல யாரா இருந்தா என்ன, வீட்டுல நான்தான சோறு வடிக்கிறேன்" என்றார்.

ஆனால் கனிஷ்கா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்பதால் நான் மேலே போனேன். கண்ணெல்லாம் மஞ்சள், கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. வாய் மட்டும் நோய்வாய்ப்படவில்லை.

"மாமா, நீ எனக்குப் புருசனே இல்லைன்னு சொல்லிட்டு, அந்த ஈரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? குழம்பு வைக்கவா?"

"அடிக் கிறுக்கு. யாருமே இல்லைன்னா சொல்றோம்? தாய்மாமன்னு சொல்றோம். புருசன் வேலைக்குப் போயிட்டு வந்தா செருப்பைக் கழட்டுன்னு கத்துவ. தாய்மாமன் வந்தா மாலை போட்டு உக்கார வைக்கணும். எனக்குப் பதவி உயர்வுடி."

அவள் சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"மேடம், நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரு?"

"அக்கா மகள்."

"அக்கா மக என்னவெல்லாம் செய்யலாம்?"

"பார்வையாளர் நேரத்துல வந்து பார்க்கலாம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். உண்மையும் அதுதான்.

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க மேடம், உங்க வாயிலை. எழுதினவங்களுக்குப் புருசன் பிள்ளைக இருக்கா?"

செல்வபாண்டி கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். "கனி, உன்னை இங்கேயே விட்டுட்டு நானும் பிள்ளையும் லாரியில ஏறிப் போகச் சொல்றியா? சொல்லு, போறேன்." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். நான் மட்டும் பொழைச்சு என்ன? ரெண்டு பேரும் போகணும். அப்படின்னா சரி."

வகை மாற்றத்துக்கு இரண்டு பேரும் வாயால் சொல்ல வேண்டும். யாரோ கையைப் பிடித்து இழுத்து விரலை வைத்துவிடக் கூடாதே என்று நாங்கள் போட்ட விதி. கருவியைக் கட்டிலில் பொருத்தினேன். செல்வபாண்டி மளமளவென்று சொல்லிவிட்டார். கனிஷ்கா வாயைத் திறந்தாள்.

"இவர் என் கணவர் இல்லை."

'குரல் தெளிவாக இல்லை. மீண்டும் சொல்லவும்' என்றது கருவி.

"இவர் என் கணவர் இல்லை."

'குரல் தெளிவாக இல்லை. மீண்டும் சொல்லவும்.'

"எத்தனை தடவைதான் சொல்றது?" என்று அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கோபம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். கத்தினாள். "இவர் என் கணவர் இல்லை! இல்லை, போதுமா?" கருவி நன்றி சொன்னது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வபாண்டி அவர்களிடம், "நாங்க சண்டையெல்லாம் போடலைங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறுவை நடந்தது. டாக்டர் இன்பசேகரன் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார், கைகள் வேலை செய்தன. எந்தத் தடங்கலும் இல்லை. கனிஷ்காவின் கண்ணில் மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் என் மேசைப் பக்கம் வந்து, "நாகு, உன் வாயில் ஒரு உசுரைக் காப்பாத்திருச்சு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா என்ற பெண் தினமும் இதழினியைக் கூட்டி வருவாள். குழந்தை ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் ஓடி ஓடிச் சேதி சொல்லும். 'அம்மா இட்லி சாப்பிட்டாச்சு.' 'அப்பாவுக்குக் கஞ்சி மட்டுந்தானாம், கோபமா இருக்காரு.'

ஈரல் கொடுத்தவர்களில் சிலருக்கு, அறுவை முடிந்த பிறகு உள்ளே ரத்தம் கசியும். வெட்டின இடத்தில் ஒரு ரத்தக் குழாயின் கட்டு விட்டுப்போகும். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தாலும் உடனே திறந்து கட்டிவிட்டால் சரியாகிவிடும். செல்வபாண்டிக்கு அது நடந்தது. ஒரு நாள் காலையில் கஞ்சியைக் கொண்டு போன நர்ஸ் அவரைத் தட்டி எழுப்பினாள், எழவில்லை. வயிறு கல்லாக இருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

டாக்டர் அரங்கிலிருந்தே என்னை அழைத்தார். "நாகு, திறக்கணும். உடனே. வாயில் மாட்டேங்குது. ஒப்புதல் கேக்குது."

நினைவில்லாத நோயாளிக்கு ஒப்புதல் தரக் கூடியவர்கள் நாலே வகை. வாழ்க்கைத் துணை, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளை. அவருக்குப் பெற்றோர் இல்லை. கூடப் பிறந்தது ஒரே அக்கா, அவளும் இல்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது கனிஷ்கா வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒரு கையால் சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, நடந்தே வந்திருந்தாள்.

"எங்க வைக்கணும்?" என்று விரலை நீட்டினாள்.

"கனிஷ்கா, உங்களால..."

"எங்க வைக்கணும்னு கேட்டேன்."

காட்டினேன். வைத்தாள். 'சகோதரியின் மகள். இந்த இடத்துக்கு வகை பொருந்தவில்லை' என்று வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே பதில். சேலை முந்தானையில் விரலைத் தேய்த்து மறுபடி வைத்தாள்.

"அது அழுக்கு இல்லை, கனிஷ்கா."

"அவரு ஈரல் என் வயித்துக்குள்ள இருக்கு மேடம்! அவருக்கு நான் யாருமில்லையா? உள்ள கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க அந்தக் கருமத்தை!"

டாக்டர் வெளியே ஓடி வந்தார். முகமூடியைக் கழற்றி வீசினார். "நாகு, திறந்து விடு. நான் பார்த்துக்கிறேன், என் வேலை போனாலும் பரவாயில்லை."

"சாவி என்கிட்ட இல்லை டாக்டர்."

"யாருகிட்ட இருக்கு?"

"யாருகிட்டயும் இல்லை. இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினோம். சாவி இருந்தா அதை விலைக்கு வாங்க ஒருத்தன் வருவான்."

"அப்ப நான் கையாலயே திறக்கிறேன்."

"எதை வச்சு?"

கத்தியிலிருந்து தையல் நூல் வரை எல்லாம் அந்தக் கைகளின் பெட்டிக்குள்தான் இருந்தன. அந்தப் பெட்டியும் வாயிலைக் கேட்டுத்தான் திறக்கும். படித்த காலத்துக்குப் பிறகு அவர் கத்தி பிடித்ததும் இல்லை. கனிஷ்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது எனக்கு. எல்லாம் தெரிந்த இரண்டு பேர், எதற்கும் உதவாமல் நின்றோம்.

ஒரு வழி இருந்தது. சொந்தமே இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரித் தலைவர் ஒப்புதல் தரலாம். அவரை அழைத்தேன், உடனே விரல் வைத்தார். வாயில் அதையும் தள்ளியது. 'இவருக்குப் பொருந்தும் வகையில் உறவு உள்ளது: மகள்.'

"மகளா? அஞ்சு வயசுப் பிள்ளைடி அது!" என்றார் டாக்டர். "வயசு பார்க்காதா உன் வாயில்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் வயதைப் பார்க்காது. வாயிலின் வேலை வகையைப் பார்ப்பது மட்டும். மகள் கேட்டால் மகள் வந்திருக்கிறாளா, ஆம் இல்லை கேட்டால் ஆம் அல்லது இல்லை வந்திருக்கிறதா, அவ்வளவே. வந்திருப்பது சின்னதா பெரியதா, நல்லதா கெட்டதா என்பதை உள்ளே இருக்கிற கட்டளை பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் விட்டோம். உள்ளே இருப்பதை எழுதியவர்கள் வேறு குழு, வேறு ஊர். வாயிலைத் தாண்டி வந்ததென்றால் எல்லாம் பார்த்தாயிற்று என்று அவர்கள் விட்டார்கள். இதை டாக்டரிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளை விரல் வச்சாப் போதுமா?"

"போதும் டாக்டர். யாருமே வயசைப் பார்க்கலை. போதும்!"

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடினார். எங்கள் முட்டாள்தனத்தை நினைத்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஸ்டெல்லா இதழினியைக் கூட்டிக்கொண்டு அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தாள். குழந்தை கையில் பாதி தின்ற பன்.

உறவினர் ஒப்புதல் தனி அறையில்தான். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. முன்பெல்லாம் புரோக்கர்கள் பின்னால் நின்றுகொண்டு முதுகில் கிள்ளுவார்கள், அதனால். உள்ளே அந்த இயந்திரம் என்ன கேட்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லிக் கொடுத்துவிடுவோம் என்று கேள்விகளை எங்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார்கள். படிக்காத சனங்களுக்கும் புரிய வேண்டும் என்று, எதிரில் இருப்பவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அதுவும் பேசும் என்பது மட்டும் தெரியும். குழந்தையிடம் குழந்தை மாதிரிப் பேசும்.

கனிஷ்காவால் குனிய முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள். பன்னை வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டாள்.

"இதழு, அம்மா சொல்றதைக் கேளு. அந்த ரூமுக்குள்ள ஒரு பொட்டி இருக்கும். அது உன்கிட்டப் பேசும். விரல் வைன்னா வைக்கணும். அது என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லணும். சரியா?"

"நீயும் வா."

"அம்மா வரக் கூடாது, சாமி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நீ ஆமான்னு சொன்னாத்தான் டாக்டர் மாமா அப்பாவைச் சரி பண்ணுவாரு."

"என்ன கேட்டாலும் ஆமாவா?"

"என்ன கேட்டாலும்."

"பயமா இருந்தா?"

"பயமா இருந்தாலும் ஆமாதான். இல்லைன்னு மட்டும் சொல்லிராத. எங்க, சொல்லு."

"ஆமா."

"சத்தமா."

"ஆமா!"

கெட்டிக்காரக் குழந்தை. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அறைக்குள் விட்டேன். நாற்காலி உயரமாக இருந்தது, தூக்கி உட்கார வைத்தேன். நான் வெளியே வந்ததும் கதவு தானாக மூடிக்கொண்டது.

கதவுக்கு மேலே விளக்குகள் உண்டு. விரல் வைத்ததும் முதல் விளக்கு பச்சையானது. மகள், வகை பொருந்துகிறது. கனிஷ்கா என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது, நான் கையை எடுக்கவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து இரண்டாவது விளக்கு. பச்சை. ஒப்புதல் கிடைத்துவிட்டது. அரங்கிலிருந்து டாக்டரின் குரல் என் காதுக் கருவியில் கேட்டது. "எழும்புது நாகு, கைகள் எழும்புது." நான் அதை உரக்கச் சொன்னேன். கனிஷ்கா சத்தம் போட்டு அழுதாள். ஸ்டெல்லா ஏசுவே என்று கும்பிட்டாள்.

மூன்றாவதாக ஒரு விளக்கு இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அது சிவப்பாக எரிந்தது.

"நாகு, நின்னுருச்சு. ஏன் நின்னுருச்சு?"

திரையைத் திருப்பிப் பார்த்தேன். ஒப்புதல் தடைபட்டால் மட்டும், கேட்டு முடித்த கேள்விகளை அது காட்டும், பதில்களோடு.

'அப்பாவோட வயித்தை வெட்டிச் சரி பண்ணலாமா? ஆம். சரியான வகை.'

'நீங்க இப்படிச் சொல்லணும்னு யாராவது உங்களை மிரட்டினாங்களா? ஆம். சரியான வகை.'

அதற்குக் கீழே, மிரட்டிப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்றும், விசாரணை முடியும்வரை இந்த நோயாளிக்கு எந்தக் கட்டளையும் ஏற்கப்படாது என்றும், கொடையாளிகளின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்றும் இருந்தது. அந்தக் கடைசி வரி நான் எழுதியது. கனிஷ்காவுக்குப் படிக்கத் தெரியும். என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள்.

நான் மேலிடத்துக்கு அழைத்தேன். இன்னொரு மேலிடத்துக்கு அழைத்தேன். வாயிலை எழுதின பழைய ஆட்களை வீட்டில் பிடித்து, கெட்ட வார்த்தையில் திட்டினேன். எல்லோரும் ஐயோ என்றார்கள். யாரிடமும் சாவி இல்லை. செல்வபாண்டி அன்று மதியச் சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். டாக்டர் கடைசிவரை பக்கத்தில் நின்று, தூங்குகிற அந்த இரும்புக் கைகளைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாராம்.

அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் அந்த அறைக் கதவு திறந்தது. இதழினி நாற்காலியிலிருந்து தானே இறங்கி வந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நேராக அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, அப்பா வயித்தை வெட்டலாமான்னு கேட்டுச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. ஆனா ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் யாராச்சும் மிரட்டினாங்களான்னு கேட்டுச்சு. அதுக்கும் சத்தமா ஆமான்னு சொன்னேன். எல்லாத்துக்கும் சொன்னேம்மா, ஒண்ணு கூட விடலை."

கனிஷ்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்யப் போகிறாளோ என்று ஸ்டெல்லா குழந்தையை இழுக்கப் போனாள். கனிஷ்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். தையல் போட்ட வயிற்றோடு மெல்ல மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்து, பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா சொன்ன, சாமி" என்றாள். "அம்மா சொல்லித் தந்த மாதிரியே சொன்ன."